கறுப்பு அரிசியைப் பிடிக்கும் கேமரா... அதற்குக் கண் பழக்குவது யார்?

சிங்கவரம் ரங்கநாதர் குகைக்கோயிலுக்குப் படியேறி இறங்கிய களைப்போடு ஆயா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால், சின்ன வயதில் எனக்கு ஒரு வேலை காத்திருக்கும். முறம் நிறைய ரேஷன் அரிசி. கறுப்பு, பழுப்பு, கல், நெல் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். அரைப்படி முடிப்பதற்குள் கண் பூத்துவிடும்.

அந்த வேலையை இன்று அரிசி ஆலைகளில் 'கலர் சார்ட்டர்' என்ற இயந்திரம் செய்கிறது. ரேஷன் அரிசியில் கறுப்பு, பழுப்பு மணிகள் வருவதாகப் புகார்கள் தொடர்ந்ததால், அரவை ஆலைகள் இதைப் பொருத்த வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் வலியுறுத்தியது.

சரி, மெஷின் வந்துவிட்டால் கறுப்பு அரிசி காணாமல் போய்விடுமா? போகாது. எது நல்ல அரிசி, எது கெட்ட அரிசி என்று மெஷினுக்குத் தானாகத் தெரியாது. ஒவ்வொரு முறையும் ஒரு மனிதர்தான் அதற்குச் சொல்லித்தர வேண்டும்.

கறுப்பு எங்கிருந்து வருகிறது?

பால் பிடிக்கும் பருவத்தில் கதிர் நாவாய்ப்பூச்சி சாறு உறிஞ்சிய மணியில் கறும்புள்ளி விழும். அறுவடை நேரத்தில் மழை பெய்து, ஈர நெல் குவியலாகக் கிடந்து சூடேறினால், அரிசி மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறும். பூஞ்சை பிடித்தால் இன்னும் மோசம். உமிக்குள் இருக்கும்வரை இதெல்லாம் வெளியே தெரியாது. அரைத்த பிறகுதான் தெரியும்.

ஒரு நொடியில் 14,000 மணிகள்

சன்ன ரக அரிசி ஒரு கிலோவில் 50,000 மணிகளுக்கு மேல் இருக்கும். மணிக்கு ஒரு டன் ஓட்டினால், நொடிக்குச் சுமார் 14,000 மணிகளைப் பார்க்க வேண்டும். எந்த ஆயாவாலும் முடியாத வேலை இது.

மேலே கொட்டும் அரிசியை ஓர் அதிர்வுத் தட்டு சீராகத் தள்ளும். சாய்வான தகட்டில் ஒற்றை அடுக்காகச் சறுக்கி விழும்போது, எல்.இ.டி வெளிச்சத்தில் முன்னும் பின்னும் இருக்கும் கேமராக்கள் ஒவ்வொரு மணியையும் பார்க்கும். நிறம் மாறிய மணி வந்தால் கீழே உள்ள வால்வு சட்டென்று திறந்து, காற்றை ஊதி அதை மட்டும் வேறு வழியில் தள்ளிவிடும்.

இந்த இயந்திரங்கள் பலவற்றில் இருக்கும் சி.சி.டி சென்சார், 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் கண்டுபிடித்தது. அதற்காக 2009-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

பொருத்தும்போதே பாதி வேலை

கலர் சார்ட்டரின் இடம் பாலிஷ் போட்டு, நொய் பிரித்த பிறகு, மூட்டை கட்டுவதற்கு முன்பு. தரை மட்டமாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். பக்கத்து இயந்திரங்களின் அதிர்வு இதைத் தொட்டால், விழும் அரிசியின் பாதை மாறிவிடும். மின்சாரம் ஏறி இறங்காமல் இருக்க ஸ்டெபிலைசர் வேண்டும்.

அதைவிட முக்கியம் காற்று. கம்ப்ரஸரில் இருந்து வரும் காற்றில் ஈரமோ எண்ணெயோ இருந்தால், தவிட்டுத் தூசி வால்வில் பசைபோல ஒட்டிக்கொள்ளும். கேமரா சரியாகப் பார்த்தும், வால்வு திறக்காமல் கறுப்பு மணி தப்பிவிடும். மழைக்காலத்தில் இது சகஜம் என்பதால்தான் ஏர் டிரையரும் ஃபில்டரும் அவசியமாகின்றன.

கண் பழக்கும் முறை

காலையில் ஸ்விட்ச் போட்டதும் அரிசியைக் கொட்டிவிடக் கூடாது. விளக்கின் வெளிச்சம் நிலைப்பட நேரம் கொடுக்க வேண்டும். பிறகு வெள்ளைத் தகட்டைக் காட்டி, 'இதுதான் வெள்ளை' என்று கேமராவுக்குச் சொல்ல வேண்டும். விளக்கின் ஓரத்தில் வெளிச்சம் குறைவாக இருந்தால், அந்த வித்தியாசம் இந்த இடத்தில் சரிசெய்யப்படும்.

அடுத்தது பின்னணி. நல்ல அரிசியின் பளபளப்புக்குச் சமமாகப் பின்னணி வெளிச்சத்தை வைப்பார்கள். அப்போது நல்ல மணி பின்னணியோடு கலந்து மறைந்துவிடும். கெட்டது மட்டும் தனியாகத் தெரியும்.

மூன்றாவது நேரக்கணக்கு. கேமரா பார்த்த மணி வால்வு முன்னால் வரும் நொடியில்தான் காற்று அடிக்க வேண்டும். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் விழும் மணி, ஒரு நொடியின் 500-ல் ஒரு பங்கு நேரத்துக்குள் 6 மில்லிமீட்டர் போய்விடும். அது கிட்டத்தட்ட ஓர் அரிசியின் நீளம். அவ்வளவு தவறினாலும் கறுப்பு தப்பித்து, அடுத்துவந்த நல்ல மணி அடி வாங்கும்.

கடைசியில்தான் சென்சிட்டிவிட்டி. குறைத்து வைத்தால் கறுப்பு நம் தட்டுக்கு வரும். கூட்டி வைத்தால் நல்ல அரிசியும் கழிவில் விழுந்து, தீவன விலைக்குப் போகும், ஆலைக்கு நஷ்டம். அதனால் இரண்டு வழியிலும் ஒரு கைப்பிடி எடுத்துத் தட்டில் பரப்பி, எண்ணிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கோடிக்கணக்கான மணிகளைப் பார்க்கும் மெஷினுக்கும் கடைசித் தீர்ப்பு மனிதக் கண்தான்!

இதை ஒருமுறை செய்துவிட்டு மறக்கவும் முடியாது. பச்சரிசி வெள்ளை, புழுங்கல் அரிசி இளமஞ்சள். பச்சரிசிக்கு வைத்த அளவில் புழுங்கலை ஓட்டினால், நல்ல அரிசியெல்லாம் கழிவாகிவிடும். வெள்ளைப் பொன்னியில் சிவப்பு மணி குறை. மாப்பிள்ளைச் சம்பாவில் அதுதான் பெருமை. ரகம் மாறினால், கண்ணாடியில் தூசி படிந்தால், அளவை மறுபடி பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

மத்திய அரசின் கொள்முதல் தர வரையறையில், நிறம் மாறிய மணிகள் புழுங்கல் அரிசியில் 5 சதவிகிதம், பச்சரிசியில் 3 சதவிகிதம் வரை இருக்கலாம். ரேஷன் கடையில் வாங்கிய புழுங்கல் அரிசியில் 100 கிராம் எடுத்து, நிறம் மாறியதைப் பொறுக்கி எடை போடுங்கள். 5 கிராமுக்கு மேல் தெளிவாகத் தாண்டினால், கடையில் காட்டிக் கேளுங்கள். 1967 என்ற எண்ணிலும் புகார் செய்யலாம்.

ஆயா வீட்டு முறம் இன்னும் சுவரில்தான் தொங்குகிறது. போன வாரம் அதை இறக்கி, இந்த 100 கிராம் கணக்கை நானும் போட்டேன். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. கண்ணும் பூக்கவில்லை.