உடைக்கிறது ஒண்ணு, அள்ளிட்டுப் போறது இன்னொண்ணு: பாறைச் சிதைவையும் மண் அரிப்பையும் வகுப்பறையில் செய்து காட்டுவது எப்படி?

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை பகுதிகளில் ஏற்பட்ட நிலச்சரிவில் 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்கு 4 ஆண்டுகளுக்கு முன்பு, 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயம் வீடுகள் மீது மலைச்சரிவு வந்து விழுந்ததில் 70 பேர் பலியாகினர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

இப்படி ஒவ்வொரு முறை செய்தி வரும்போதும் "மண் அரிச்சிடுச்சு", "பாறை உடைஞ்சிடுச்சு", "மலை சரிஞ்சிடுச்சு" என்று மூன்றையும் ஒரே அர்த்தத்தில் பேசுகிறோம். உண்மையில் மூன்றும் வேறு வேறு. பள்ளிப் பாடத்தில் இது இருக்கத்தான் செய்கிறது. தமிழ்நாட்டு 9-ம் வகுப்பு சமூக அறிவியலில் நிலக்கோளம் பற்றிய பகுதியில் சிதைவு, அரித்தல், கடத்தல், படிதல் எல்லாம் வரும். மாணவர்கள் வரையறையை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் தேய்ந்துபோன ஒரு கல்லையும் கலங்கி ஓடும் ஓர் ஓடையையும் காட்டி, "இதுல எது சிதைவு, எது அரிப்பு?" என்று கேட்டால்தான் சிக்கல் ஆரம்பிக்கும்.

அதைத் தீர்க்க பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம். செங்கல் துண்டு, கொண்டைக்கடலை, முட்டை ஓடு, காலி தண்ணீர் பாட்டில் போதும்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பாறை இருந்த இடத்திலேயே உடைவது, உதிர்வது, கரைவது பாறைச் சிதைவு. அப்படி உடைந்ததை தண்ணீரோ காற்றோ அலையோ பெயர்த்து எடுத்துக்கொண்டு போவது அரிப்பு. ஓட்டம் குறையும் இடத்தில் அதை இறக்கிவைப்பது படிதல். அவ்வளவுதான்.

குழப்பத்துக்குப் பாடப்புத்தகச் சொல்லும் ஒரு காரணம். அதில் 'வானிலைச் சிதைவு' என்று இருக்கும். 'வானிலை' என்றதும் மாணவர்களுக்கு மழை, புயல், டிவியில் வரும் வானிலை அறிக்கை எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிடும். மழை வந்து மண்ணை அடித்துக்கொண்டு போவதுதான் வானிலைச் சிதைவு என்று அவர்களாகவே முடிவு செய்துகொள்வார்கள். வகுப்பில் 'பாறைச் சிதைவு' என்று சொல்லிப் பழக்குவது எளிது.

ஒரே டப்பாவில் மூன்று சொல்

மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் கூரான முனைகள் உள்ள செங்கல் துண்டுகள் ஏழெட்டைப் போட்டு, பாதி அளவு தண்ணீர் ஊற்ற வேண்டும். டப்பாவில் போடாமல் ஒரு துண்டைத் தனியே எடுத்து வைக்க வேண்டும், பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. டப்பா கைமாறிக் கைமாறி வகுப்பு முழுக்க சுற்றி வரட்டும், ஒவ்வொருவரும் 50 முறை குலுக்கட்டும்.

சுற்று முடியும்போது தண்ணீர் சிவந்திருக்கும். துண்டுகளின் முனை மழுங்கி இருக்கும். தனியே வைத்த துண்டை அருகில் வைத்தால் வித்தியாசம் கையில் தெரியும். இப்போது அந்தச் சிவப்புத் தண்ணீரை மட்டும் ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஓரமாக வைத்துவிட வேண்டும். அடுத்த வகுப்பில் பார்த்தால் அடியில் செந்தூள் தங்கியிருக்கும்.

குலுக்கியபோது நடந்தது சிதைவு. ஊற்றியபோது நடந்தது கடத்தல். அடியில் தங்கியது படிதல். "ஆத்துக்குள்ள இது தனித்தனியா நடக்குமா?" என்று ஒரு மாணவராவது கேட்பார். நல்ல கேள்வி. ஆற்றில் கல் உருண்டுகொண்டேதான் தேயும், தேய்ந்துகொண்டேதான் நகரும். புரிந்துகொள்வதற்காக நாம்தான் பிரித்துப் பார்க்கிறோம்.

'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்ற பழமொழியை இங்கே சொல்லலாம். அதைவிடப் பொருத்தமான சாட்சி வீட்டு அம்மி. அரைத்து அரைத்து வழவழப்பாகிவிட்ட அம்மியைக் கொத்திக்கொடுக்க முன்பெல்லாம் தெருவில் ஆள் வருவார்கள். மழுங்கிப்போன அந்தக் கருங்கல் எங்கே போனது என்று கேட்டால் வகுப்பு ஒரு நிமிஷம் அமைதியாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக சட்னியில்தான் போயிருக்கும்.

சாக்பீஸ் ஏன் நுரைப்பதில்லை?

ரசாயனச் சிதைவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் சோதனை, சாக்பீஸை வினிகரில் போடுவது. நிறைய ஆசிரியர்கள் இதைச் செய்து பார்த்து, ஒன்றும் நடக்காமல் ஏமாந்திருப்பார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. இப்போது கிடைக்கும் கரும்பலகை சாக்பீஸ்களில் பெரும்பாலானவை ஜிப்சத்தால் ஆனவை, அதாவது கால்சியம் சல்பேட். வினிகரோடு வினைபுரிந்து நுரைப்பது கால்சியம் கார்பனேட்.

எனவே முட்டை ஓடு, கடற்கரைக் கிளிஞ்சல், சுண்ணாம்புக்கல் இவற்றில் எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். மூன்றும் நுரைக்கும். பக்கத்திலேயே இன்னொரு டம்ளர் வினிகரில் ஒரு கருங்கல் ஜல்லியைப் போட வேண்டும். அதில் ஒன்றும் ஆகாது. எல்லாப் பாறையும் ஒரே மாதிரி சிதையாது என்பதை இந்த இரண்டு டம்ளரும் சொல்லிவிடும்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். வினிகர் மழைநீர் இல்லை. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் சுத்தமான மழைநீரும் லேசான அமிலத்தன்மை கொண்டதுதான். அதன் பிஎச் சுமார் 5.6. வினிகர் அதைவிடப் பல நூறு மடங்கு அமிலம் கூடியது. அஞ்சு நிமிஷத்தில் வகுப்பில் பார்ப்பது இயற்கையில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது என்று சொல்லாவிட்டால், மழை பெய்தால் கல் நுரைக்கும் என்ற நினைப்போடு மாணவர்கள் வீட்டுக்குப் போவார்கள்.

இந்த வித்தியாசத்தை வெளியே காட்ட காஞ்சிபுரத்தைவிட நல்ல இடம் இல்லை. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலும் காஞ்சி கைலாசநாதர் கோயிலும் ராஜசிம்ம பல்லவன் காலத்தவை, சுமார் 1,300 ஆண்டுகள் பழமையானவை. கைலாசநாதர் கோயிலின் அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். கீழே கல் உறுதியாக இருக்க, மேலே பல சிற்பங்களின் முகமே தெரியாத அளவு உதிர்ந்திருப்பதை அருகே நின்று பார்க்கலாம். மாமல்லபுரத்தில் கதை வேறு. அங்கே இருப்பது கடினமான கல்தான், ஆனால் உப்புக்காற்று விடாமல் அறைகிறது. கல்லின் நுண்துளைகளில் உப்பு படிகமாகி உள்ளிருந்தே தள்ளும். கடினமான கல்லும் மழுங்குவது அப்படித்தான். (சுற்றுலா கூட்டிப்போகும் ஆசிரியர்கள் வினிகர் பாட்டிலைப் பள்ளியிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.)

கொண்டைக்கடலை பாறையைப் பிளக்குமா?

கோபுர இடுக்கில் அரசங்கன்று முளைத்திருப்பதைப் பார்க்காத ஊர் இல்லை. அந்த வேரின் வேலையை ஒரே இரவில் காட்ட ஒரு வழி உண்டு. இரண்டு காகிதக் கப்பில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலை ஊற்றி, ஒன்றில் மட்டும் ஊறவைக்காத கொண்டைக்கடலை பத்துப் பன்னிரண்டை மேல்பக்கமாகப் புதைக்க வேண்டும். இறுகியதும் இரண்டின் மேலும் கொஞ்சம் தண்ணீர் விட்டு வைக்க வேண்டும். மறுநாள் கடலை ஊதி, மேல்பகுதி விரிசல் விட்டிருக்கும். கடலை இல்லாத கப் அப்படியே இருக்கும்.

தண்ணீர் உறைந்து பாறையைப் பிளப்பதும் இதே தத்துவம்தான். உறையும்போது தண்ணீரின் கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடும். ஆனால் நம்ம ஊரில் உறைபனியே அபூர்வம். பாடப்புத்தகத்தில் இருக்கிறதே என்று அதற்கு ஒரு வகுப்பை முழுசாகச் செலவழிப்பதைவிட அரசங்கன்றுக்கு நேரம் கொடுக்கலாம்.

மூன்று பாட்டில் சோதனையில் கவனிக்க வேண்டியது என்ன?

மண் அரிப்புக்கு இணையத்தில் அதிகம் சுற்றும் சோதனை இதுதான். மூன்று பாட்டில்களைப் படுக்கவைத்து மேல்பக்கத்தை வெட்டி, மூன்றிலும் ஒரே அளவு மண் நிரப்ப வேண்டும். ஒன்றில் வெறும் மண், இன்னொன்றில் மேலே காய்ந்த இலைகள், மூன்றாவதில் வெந்தயமோ கடுகோ அடர்த்தியாக விதைத்து ஒரு வாரம் முன்பே முளைக்கவிட வேண்டும். பாட்டிலின் பின்பக்கத்தை ஒரே உயரத்துக்குத் தூக்கி, வாய்ப்பக்கம் ஒரு டம்ளர் வைத்து, தண்ணீர் ஊற்ற வேண்டும். வெறும் மண்ணிலிருந்து சேறாகவும், இலை போட்டதில் ஓரளவு தெளிவாகவும், வேர் உள்ளதில் இன்னும் தெளிவாகவும் தண்ணீர் வரும்.

படம் எடுக்க அருமையாக இருக்கும். பாடம் நடக்கணும்னா இன்னும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். முதலில், ஊற்றுவதற்கு முன்பே எந்த டம்ளர் அதிகம் கலங்கும், ஏன் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் முடிவைப் பார்த்த பிறகு "நான் அப்பவே நினைச்சேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவது, தண்ணீரின் அளவும் ஊற்றும் உயரமும் மூன்றுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மூடியில் ஊசியால் ஓட்டை போட்ட பாட்டிலில் ஊற்றினால் மழைத்துளி மாதிரி விழும். மண்ணை முதலில் பெயர்ப்பது ஓடும் தண்ணீர் மட்டுமில்லை, விழும் துளியின் அடியும்தான். இலை மூடிய பாட்டில் ஏன் தப்பிக்கிறது என்பதற்கு பதில் அங்கேதான் இருக்கிறது. மூன்றாவது, டம்ளர்களை வெயிலில் வைத்து வற்றவிட்டு, மிஞ்சிய மண்ணை எடைபோட வேண்டும். 'கலங்கல்' என்பது அப்போதுதான் கிராம் கணக்காக மாறும். ஓர் அங்குல மேல்மண் உருவாகவே பல நூறு ஆண்டுகள் ஆகும் என்பதையும் அந்த எடையைப் பார்க்கும்போது சொன்னால் உறைக்கும்.

அப்படியானால் மரம் நட்டால் நிலச்சரிவு வராதா?

மூன்று பாட்டிலோடு பாடம் முடிந்தால் மாணவர்கள் இப்படித்தான் முடிவுக்கு வருவார்கள். இது பாதிதான் சரி. மலைப்பகுதியில் வாழும் குழந்தைகளுக்கு இந்தப் பாதி உண்மை ஆபத்தானதும்கூட.

மேற்குத் தொடர்ச்சி மலையில் கடினமான பாறையின் மேல் மழையும் வெப்பமும் நீண்ட காலமாகச் சிதைத்த மண், பல இடங்களில் பல அடி ஆழத்துக்குக் கிடக்கிறது. நாள்கணக்கில் கனமழை பெய்யும்போது தண்ணீர் அந்த மண்ணுக்குள் இறங்கி, கீழே பாறையில் வழியின்றி நிற்கிறது. மண்துகள்களுக்கு இடையே நிறையும் தண்ணீரின் அழுத்தம் துகள்களை விலக்க, பிடிமானம் போய் மொத்தமாகச் சரிகிறது. துகள் துகளாகப் போனால் அரிப்பு, மொத்தமாகப் போனால் சரிவு. அதனால்தான் பசுமையாக இருக்கும் சரிவுகளிலும் நிலச்சரிவு வருகிறது. மரங்கள் உதவும், ஆழமான வேர்கள் நன்றாகவே உதவும். ஆனால் வேர் எட்டாத ஆழத்தில் வழுக்கினால் மரமும் சேர்ந்துதான் வரும்.

இதையும் செய்து காட்டலாம். ஒரு பழைய ட்ரேயில் வழவழப்பான பிளாஸ்டிக் ஷீட் விரித்து (அதுதான் பாறை), மேலே இரண்டு அங்குலத்துக்கு ஈர மணல் பரப்பி, ஒரு பக்கம் தூக்கி வைக்க வேண்டும். ஈர மணல் நன்றாகவே நிற்கும். கடற்கரையில் மணல் வீடு கட்டிய எல்லோருக்கும் தெரிந்ததுதான். இப்போது மேல்முனையில் மெதுவாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் விரிசல் விழுந்து மொத்தமாக வழுக்கும். எத்தனை டம்ளருக்குச் சரிந்தது என்று குறித்துக்கொண்டு, மறுபடி மணல் பரப்பி, இந்த முறை அடிவாரத்தில் ஒரு கரண்டி மணலைத் தோண்டி எடுத்துவிட்டு ஊற்ற வேண்டும். இந்த முறை பெரும்பாலும் குறைந்த தண்ணீரிலேயே சரிந்துவிடும். சாலைக்காகவும் கட்டடத்துக்காகவும் மலையின் அடியைச் செங்குத்தாக வெட்டினால் என்ன ஆகும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சரிவதற்கு முன்பு மேலே வரும் விரிசலை மட்டும் மாணவர்கள் கவனிக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மலைக்கிராமங்களில் தரையில் புது விரிசல் தெரிந்தாலோ, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று சேறாக வந்தாலோ உடனே வெளியேறச் சொல்வது இதனால்தான்.

மழை பெய்த மறுநாள் எங்கே பார்க்கலாம்?

மைதானத்திலேயே. கூரைத் தண்ணீர் சொட்டிய வரிசையில் குழிகள், சுவரின் அடிப்பகுதியில் தெறித்த சேற்றுக்கறை, வெளியே தெரியும் வேப்பமர வேர், சின்னக் கல்லைக் குடையாக வைத்துக்கொண்டு நிற்கும் மண் தூண்கள். எது உடைந்தது, எது நகர்ந்தது, எங்கே போய்த் தங்கியது என்று மூன்றே கேள்விகளோடு 20 நிமிஷம் அனுப்பினால் போதும்.

செய்யும்போது சில எச்சரிக்கைகள்: பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகும்போது சூடாகும், மாணவர்கள் கையை உள்ளே விட்டு அச்சு எடுக்கக் கூடாது. மிச்சக் கரைசலை வாஷ்பேசினில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும், கப்பிலேயே இறுகவிட்டுக் குப்பையில் போட வேண்டும். பாட்டில் வெட்டுவது ஆசிரியர் வேலை. பாட்டிலில் மிஞ்சிய மண்ணையும் முளைத்த வெந்தயத்தையும் தோட்டத்திலேயே கொட்டிவிடலாம்.