பாதையின் இரு கரையிலும் ஒரு மின்சைக்கிள்

மட்டக்களப்பில் மலையில்லை. சைக்கிள்காரரைக் களைக்க வைப்பவை வெயிலும், கல்லடிப் பாலத்தில் முகத்துக்கு நேரே அடிக்கும் காற்றும்தான். மின்சைக்கிள் உதவுவது அங்கேதான். பெடலை மிதித்தால் சிறிய மோட்டரும் சேர்ந்து சக்கரத்தைத் தள்ளும். ஐரோப்பிய விதிப்படி அந்த மோட்டரின் வலு அதிகபட்சம் 250 வாற்று. வேகம் மணிக்கு 25 கிலோமீற்றரை எட்டியதும் உதவி நின்றுவிடும். 36 வோல்ற், 10 அம்பியர்-மணி பற்றரியை நிரப்ப அரை யூனிற் மின்சாரம்கூடத் தேவையில்லை. அதில் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் ஓடலாம்.

இதை மட்டக்களப்பில் பகிர்வுச் சேவையாகத் தொடங்கலாம். அந்த முறையில் சைக்கிள் எந்தத் தனியாளுக்கும் சொந்தமில்லை. தரிப்பிடத்தில் சைக்கிளின் கியூஆர் குறியைப் போனால் ஸ்கான் செய்தால் பூட்டுத் திறக்கும். போய்ச்சேர்ந்த இடத்தில் பூட்டியதும் கட்டணம் நிற்கும். 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறி, எரிபொருளையே கியூஆர் காட்டி வாங்கிய நமக்கு இது புதிதில்லை. ஆனாலும் ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர்களுக்கு ஒரு காட் கட்டாயம் வேண்டும்.

இந்தச் சேவை பஸ்ஸுக்குப் போட்டியாக வரக்கூடாது. பஸ் இறக்கிவிடும் இடத்துக்கும் போகவேண்டிய இடத்துக்கும் நடுவேயுள்ள இரண்டு மூன்று கிலோமீற்றர்தான் இதன் வேலை. கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்திறங்கி, புளியந்தீவுக்குப் போக ஆட்டோ தேடுகிறவரை நினையுங்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை. 2014இல் மண்முனையில் பாலம் வந்தது. குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலோ வாவியைப் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் கடக்கிறோம். இரு கரையிலும் தரிப்பிடம் இருந்தால் ஆள் மட்டும் பாதையில் ஏறினால் போதும். அக்கரையில் இன்னொரு சைக்கிள் நிற்கும். சேலை கட்டியவரும் ஏறக்கூடிய தாழ்ந்த சட்டமும், மீனும் மரக்கறியும் வைக்க முன்கூடையும் அதில் இருக்கவேண்டும்.

1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலம், 2013இல் வந்த புதிய பாலத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. லொறிகளோடு முட்டிமோதாமல் வாவியைக் கடக்க சைக்கிள்காரருக்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

சிக்கல் பராமரிப்பில்தான். காலையில் சைக்கிள்கள் எல்லாம் நகரத்தில் குவிந்துவிடும். யாராவது வாகனத்தில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோய் வைக்கவேண்டும். உப்புக்காற்று செயினையும் வயரையும் தின்னும். மாரி வெள்ளத்தில் தெருவோரச் சார்ஜர் மூழ்கும். அதனால் பெங்களூரின் யூலு நிறுவனம் செய்வதுபோல, தீர்ந்த பற்றரியைக் கழற்றி நிரம்பியதை மாட்டும் முறையே இங்கே சரிவரும். நிர்வாகத்துக்கு மட்ரிட் நல்ல பாடம்: 2014இல் முழுவதும் மின்சைக்கிள்களோடு அங்கே தொடங்கிய சேவையை, 2016இல் மாநகரத்தின் பஸ் நிறுவனமே பொறுப்பெடுத்தது. இங்கும் மாநகர சபையும் இலங்கைப் போக்குவரத்துச் சபையும் சேர்ந்து நடத்தி, பஸ் சீசன் டிக்கெட்டிலேயே சைக்கிளும் எடுக்க வழிசெய்யலாம். பழுதுபார்க்கும் வேலையை ஊர்ச் சைக்கிள் கடைக்காரர்களுக்கே கொடுக்கவேண்டும். செயினும் றிம்மும் அவர்களுக்கு அத்துபடி. மோட்டரையும் வயரையும் பழக்கிவிட்டால் போதும்.