வன்றட்டின் வாசிப்பு விரைவு

நம் கல்லூரிக்குப் பழைய மாணவர் அன்புடன் அளித்த கணினிகளுட் பல, சுழலும் தட்டினையே சேமிப்பிடமாகக் கொண்டவை. அவற்றில் லினக்சு என்னும் பணிசெயல் முறைமையின் புதிய பதிப்பை ஏற்றிய சின்னாட்களில், "முன்னையினும் மெதுவாயிற்றே, தட்டுப் பழுதாயிற்றோ? புதியது வாங்குவோமோ?" என்ற வினா எழுதல் இயல்பு. பொருட்செலவைப் பற்றிய வினா ஆதலின் ஊகத்தால் விடை கூறல் தகாது. தட்டு மாறாதிருக்க, அதனை ஆளும் முறை மட்டும் மாறியிருத்தல் கூடும். அஃது எவ்வாறென்பதையே ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது. 'வன்தட்டு' என எழுதுவோர் பலர். 'வன்றொண்டர்' என்பது போல 'வன்றட்டு' எனப் புணர்தலே இலக்கண நெறி. தமிழாசிரியராகிய நாம் அதனையே ஆளுகின்றோம். பணிசெயல் முறைமையின் நடுவிலே நின்று, வன்பொருளையும் செயலிகளையும் இணைக்கும் பகுதியைக் 'கருனி' என்பர். அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் எண் உண்டு.

நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன் கொள்ளும். வேண்டிய இடம் வாசிக்கும் தலையின்கீழ் வந்துசேரச் சராசரி அரைச்சுற்று வேண்டும். தலையைத் தாங்கிய கை உரிய தடத்துக்கு நகர மேலும் ஏறத்தாழ 9 மில்லிசெக்கன் செல்லும். ஆகவே சிதறிக் கிடக்கும் துண்டுகளை வாசிப்பின், செக்கனுக்கு எழுபத்தைந்து துண்டுகள் அளவிலேயே கிட்டும். துண்டொன்று 4 கிலோபைற்றாயின் மொத்தம் 300 கிலோபைற்று. அதே தட்டு, அடுத்தடுத்துள்ளவற்றைத் தொடர்ந்து வாசிக்குங்கால் 100 மெகாபைற்றுக்கு மேலும் தரவல்லது. முந்நூறு மடங்கு வேறுபாடு! கையின் வீண் நடையைக் குறைத்தலே கருனியின் கடன்.

மடுல்கெல்லையில் வாழ்வார்க்கு இதனை விளக்கக் கொழுந்து லொறி ஒன்றே போதும். அழைப்பு வந்த ஒழுங்கிலே மேல்மலைக்கும் கீழ்மலைக்குமாக லொறி மாறி மாறி ஓடுமாயின் பொழுதெல்லாம் வழியிலே கழியும். பாதையின் ஒழுங்கில் மடுவந்தோறும் நின்று ஏற்றிச் செல்வதே முறை. கருனியும் வேண்டுகோள்களை அவ்வாறே வரிசைப்படுத்தும். ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. செயலியொன்று ஒரு துண்டு கைக்கு வந்தபின்னரே அடுத்ததைக் கேட்கும். அக்கணநேர இடைவெளியைக் கண்டு, 'இங்கு வேலை முடிந்தது' எனக் கருதிக் கருனி கையை நெடுந்தூரம் அனுப்பிவிடும். 2001 இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சீதாராம் ஐயரும் பீட்டர் துரூசெலும் இதனை 'ஏமாற்றும் ஓய்வு' எனப் பொருள்படும் பெயரால் விளக்கி, சில மில்லிசெக்கன் காத்திருத்தலே மருந்தென நிறுவினர். கடைசிக் கூடையுடன் இறங்கிவரும் பெண்களுக்காக லொறி மடுவத்தில் சற்றே தரித்து நிற்றலை இஃது ஒக்கும்.

2003 டிசெம்பரில் வெளிவந்த 2.6 ஆம் கருனி இம்முறையையே இயல்பாகக் கொண்டிருந்தது. 2006 இல் 2.6.18 அதனை விடுத்து 'சீஎஃப்கியூ' என்பதை ஏற்றது. 2010 இல் 2.6.33 பழையதை அடியோடு நீக்கியது. 2014 இல், 3.13 ஆம் பதிப்பில், கையே இல்லாத விரைவான திண்மச் சேமிப்புகளைக் கருதிப் பல்வரிசை முறை புகுந்தது. 2019 இல் வந்த 5.0 உடன் ஒற்றை வரிசையும் சீஎஃப்கியூவும் மறைந்தன. ஆகவே முன்னொருவர் எழுதிவைத்த அமைப்பு வரியை அப்படியே புதிய கருனிக்குக் கொடுப்பின், அது கேட்கும் முறையே அங்கு இராது. சுழலும் தட்டைப் பல செயலிகள் ஒருங்கே பயன்படுத்துமிடத்து, 2017 இல் 4.12 உடன் வந்த 'பீஎஃப்கியூ' ஏற்றதென்பது எம் கருத்து. ஒருவர் ஒரு கோப்பை மட்டும் வாசிக்குங்கால் வேறுபாடு பெரிதன்று.

அங்கே துணைசெய்வது முன்வாசிப்பு; கேட்கும் முன்னரே அடுத்த பகுதியையும் நினைவகத்துக்குக் கொணர்தல். 2.4 இலிருந்து 2.6 க்கு மாறியோருட் சிலர் விரைவு குன்றக் கண்டு, இவ்வளவை உயர்த்தியே அதனை மீளப் பெற்றனர். 2007 இல், 2.6.23 ஆம் பதிப்பில், ஊ ஃபெங்குவாங் என்பார் இப்பகுதியைப் புதிதாக ஆக்கினார். வழக்கமான அளவு 128 கிலோபைற்று. 'புளொக்டெவ்' கட்டளை இதனையே 256 எனக் காட்டும். அது 512 பைற்றுக் கூறுகளில் எண்ணுவது. கருனியின் சொந்தக் கோப்போ கிலோபைற்றில் 128 என்னும். முன்னதன் எண்ணைப் பின்னதில் இட்டால் அளவு இரட்டிக்கும். மாற்றிய எண்ணும், நிலைப்படுத்தி எழுதாவிடின், கணினியை மீளத் தொடக்கியவுடன் பழையதாகிவிடும்.

எவ்வளவு வைக்கலாம்? 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகத்திலிருந்து இறக்கிய பழைய மலர்கள் போன்ற பெருங்கோப்புகளைத் தொடர்ந்து வாசிக்கும் கணினியில் 1024 அல்லது 2048 கிலோபைற்று வைத்துப் பார்க்கலாம். மாணவர் பதிவுகளை அங்கொன்று இங்கொன்றாகத் தேடும் கணினியில் அது வேண்டா. தேவையற்றவை நினைவகத்தை நிரப்பும்.

அளத்தலிலும் கவனம் வேண்டும். ஒருமுறை வாசித்த கோப்பு மறுமுறை நினைவகத்திலிருந்தே வருமாதலின், அவ்விரைவு தட்டினது அன்று. தட்டின் வெளிவட்டம் உள்வட்டத்திலும் விரைவானது. ஒரே பகுதியையே ஒப்பிடுக. வேறு வேலை நிகழாதபோது 'எச்டிபார்ம்' கட்டளையின் வாசிப்புச் சோதனையை மும்முறை நடத்தி எண்களைக் குறித்துக்கொள்க. பெரும்பாலான லினக்சு வெளியீடுகள் முந்திய கருனியைத் தொடக்கப் பட்டியலில் விட்டுவைக்கும். அதனால் தொடக்கி அதே சோதனையைச் செய்தால், அன்று மாலையே விடை தெரியும்.

பழைய கருனியில் விரைவாகவும் புதியதில் மெதுவாகவும் இருப்பின் குறை அமைப்பினது. பணம் சேர்க்கத் தேவையில்லை. இரண்டிலும் மெதுவாயின் 'ஸ்மார்ட்' அறிக்கையில் மாற்றீடு செய்யப்பட்ட கூறுகளின் எண்ணிக்கையைப் பார்க்க. அது நாளுக்கு நாள் ஏறுமாயின் மேலும் அளந்துகொண்டிராமல், பதிவேடுகளை வேறொரு தட்டுக்கு உடனே படியெடுத்துவிட வேண்டும்.