துறவும் தொண்டும்

துறவு என்பது வீட்டையும் உறவையும் விட்டு விலகுதல். மடத்தின் தலைமையோ நிலம், பொருள், மாணாக்கர், அடியார் கூட்டம் என்னும் பெரியதொரு குடும்பத்தைத் தாங்குதல். இவ்விரண்டும் ஒருவரிடத்தே கூடுவதுதான் மடாதிபதி என்னும் நிலையின் அருமை. அதன் இடர்ப்பாடும் அதுவே.

சைவ மடங்களுள் குருமரபு வழிவழியாகத் தொடர்ந்து வருவது ஆதீனம் எனப்படும். நாள்தோறும் பூசை இயற்றுதல், தகுதியுடையோர்க்குத் தீக்கை அளித்தல், சாத்திரங்களையும் இலக்கியங்களையும் பாடம் சொல்லுதல், மடத்துச் சொத்தைக் காத்தல், தமக்குப்பின் வருபவரைத் தேர்ந்து பழக்குதல் ஆகியன ஆதீனத் தலைவரின் கடமைகள். இவற்றுள் பாடம் சொல்லுதலையே தமிழுலகம் நன்றியோடு நினைவுகூர்கிறது. திருவாவடுதுறை ஆதீனத்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே.சாமிநாதர் பயின்றிராவிடில், பழந்தமிழ் நூல்கள் பல அச்சேறுவது அரிதாகியிருக்கும்.

உடுப்பிப் பகுதியைச் சேர்ந்த சிரூர் மட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பு வழங்கியது. மடாதிபதி வெறும் மேலாளர் அல்லர். பதவியும் கடமையும் சொத்தின்மீதான உரிமையும் அவரிடம் பிணைந்துள்ளன என்று அத்தீர்ப்பு விளக்கிற்று. பொருளை ஆளும் உரிமை உள்ள இடத்தில் மக்களின் ஐயமும் உடனிருப்பது இயல்பே. நீத்தார் பெருமையைத் தம் நூலின் மூன்றாம் அதிகாரமாக வைத்துப் போற்றிய வள்ளுவர், தவம் என்னும் அதிகாரத்தை அடுத்தே கூடாவொழுக்கத்தை வைத்தார். 'படிப்பது இராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்' என்னும் பழமொழியும் அந்த விழிப்பில் பிறந்ததே. காவி உடைக்கு மக்கள் வணக்கம் செலுத்துவர். ஆயினும் உடுத்தியவரின் ஒழுக்கத்தை அளந்து பார்க்கவும் தவறார்.

அவ்வாறு அளக்கப்பட்டு மதிப்புப் பெற்ற மடங்களுள் ஒன்று கொங்கு நாட்டில் உள்ளது. கோயம்புத்தூருக்கு மேற்கே, நொய்யலாற்றங்கரையில், பட்டீசுவரர் கோயில் கொண்ட ஊர் பேரூர். அங்குள்ள ஆதீனம், 17ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் சாந்தலிங்க அடிகளின் பெயரால் விளங்குகிறது. அவர் துறைமங்கலம் சிவப்பிரகாசரின் தங்கையை மணந்து, பின்னர்த் துறவு பூண்டவர். கொலை மறுத்தல், வைராக்கிய சதகம், வைராக்கிய தீபம், அவிரோத உந்தியார் ஆகியன அவர் இயற்றிய நூல்கள். திருப்போரூர்ச் சிதம்பர சுவாமிகள் அவற்றுக்கு உரை எழுதினார். உயிர்க்கொலையை விலக்குதலையே தனியொரு நூலின் பொருளாக்கிய துறவி அவர்.

அம்மரபில் 20ஆம் நூற்றாண்டில் வந்தவர் சாந்தலிங்க இராமசாமி அடிகளார். பேரூரில் 1953இல் தோன்றிய தமிழ்க் கல்லூரி அவர் வாழ்நாள் முழுதும் பேணிய பணி. பாடம் சொல்லுதல் என்னும் பழைய மடக்கடமை, அங்கே வகுப்பறையும் பட்டமும் உடைய புதிய வடிவம் பெற்றது. அக்கல்லூரியில் பயின்றோர் பலர் பள்ளிகளில் தமிழாசிரியர்களாயினர்.

அடிகளாரின் பெயரைக் கொங்கு நாட்டுச் சிற்றூர்கள் தோறும் கொண்டு சென்றது தமிழ்வழிக் குடமுழுக்கு. வேள்விச்சாலையிலும் கலசத்தில் புனிதநீர் சொரியும்போதும் வடமொழி மந்திரங்களே ஒலிக்க வேண்டும் என்பது ஆகம வழக்கைச் சார்ந்தோரின் கொள்கை. இறைவனை நெஞ்சுருகிப் பாடிய திருமுறைகள் இருக்க, பொருள் விளங்காத மொழியில் வழிபடுவானேன் என்பது மறுதரப்பினரின் வினா. இவ்வினா மேடைப் பேச்சோடு நின்றிருக்கலாம். அடிகளாரோ சிரவை ஆதீனத்துச் சுந்தர சுவாமிகளுடன் இணைந்து அதனைச் செயலாக்கினார். திருமுறைகளை ஓதி அவர்கள் குடமுழுக்கு நிகழ்த்திய கோயில்களில், தாம் அன்றாடம் பேசும் மொழியிலேயே ஊர்மக்கள் வழிபாட்டைக் கேட்டனர். எதிர்ப்பு எழாமல் இல்லை. அரசியல் நோக்கம் கற்பித்தோரும் உண்டு. எனினும் தமிழ்வழிக் குடமுழுக்கை விரும்பி அழைத்த ஊர்களுக்கு அடிகளார் தொடர்ந்து சென்றார்.

சாந்தலிங்க இராமசாமி அடிகளார் 2018ஆம் ஆண்டு மறைந்தார். அவரையடுத்துச் சாந்தலிங்க மருதாசல அடிகளார் ஆதீனத் தலைமையை ஏற்றார். எந்த மொழியில் குடமுழுக்கு நிகழ வேண்டும் என்னும் வழக்கு இன்றும் நீதிமன்றங்களிலும் ஊர்ப்பொதுக் கூட்டங்களிலும் எழுந்தவண்ணம் உள்ளது.