"ஆமே" வேண்டாம், அம்மா!

மார்கழிக் கச்சேரி கேட்கச் சென்னைக்கு வந்த அமெரிக்கப் பெண் ஒருத்தி எங்கள் வீட்டில் சாப்பிட்டாள். நன்றாகத் தமிழ் படித்தவள். "உங்கள் ஊரில் பதினெட்டு வயதானதும் பிள்ளைகளை வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்களாமே?" என்று கேட்டு வைத்தேன்.

"அம்மாவோடு பேசாமல் நான் தூங்குவதே இல்லை" என்று சிரித்தாள். "உங்கள் ஊரில் பெண்ணைக் கேட்காமலே கல்யாணம் முடித்துவிடுவார்களாமே?"

எனக்குச் சுருக்கென்றது. என் பாட்டியை யாரும் கேட்கவில்லை. என் பெண்ணைக் கேட்டுத்தான் செய்தோம். இரண்டையும் சொன்னேன். அப்புறம் பேச்சு நிற்கவே இல்லை!

அமெரிக்கரான ஜான் ஹிக்கின்ஸ், டி. விசுவநாதனிடம் பாட்டுக் கற்று, 1960-களில் திருவையாற்றில் பாடி, 'ஹிக்கின்ஸ் பாகவதர்' ஆனாரே, கேட்டுக் கேட்டுத்தானே நம்மவரானார்?

உங்கள் வீட்டுக்கும் அயல்நாட்டார் வந்தால், "ஆமே"யை விட்டுவிட்டு, "உங்கள் வீட்டில் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள்.