சேந்தமங்கலத்துப் பிள்ளைகளும் மலாய் நாட்டுச் சாப்பாடும்

பசித்திருக்கும் பெரியவர்களைச் சமாதானப்படுத்த எத்தனையோ வழிகள் உண்டு. பத்திரிகையைக் கையில் கொடுக்கலாம், அரசியல் பேசலாம். பசித்திருக்கும் குழந்தைகளிடம் இந்த வித்தைகள் ஒன்றும் பலிப்பதில்லை. இந்த உண்மையைச் சென்ற பள்ளி விடுமுறையில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீதியில், இரவு ஒன்பது மணிக்கு நான் பூரணமாக உணர்ந்தேன்.

என்னுடன் வந்தவர்கள் நால்வர். என் குழந்தைகள் இருவர். தம்பியின் குழந்தைகள் இருவர். கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தைத் தவிர அதிக தூரம் பார்த்திராதவர்கள். பகலெல்லாம் ஊர் சுற்றிய களைப்பில் கடைக்குட்டி நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான். "பெரியப்பா, இங்கே நம்ம ஊர்ச் சாப்பாடே கிடைக்காதா?" என்று அவன் கேட்ட குரலில் அழுகைக்கு இன்னும் அரை நிமிஷந்தான் பாக்கி இருந்தது.

எதிரே ஒரு 'மாமாக்' கடை இருந்தது. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் இக்கடைகளுக்கு 'மாமா' என்ற நம் சொல்லிலிருந்தே அப்பெயர் வந்தது என்பார்கள். அவற்றில் பல இரவு பகலாகத் திறந்திருக்கும். பரிமாற வந்த இளைஞரிடம், "தம்பி, முதலில் எது சீக்கிரம் வருமோ அதைக் கொண்டு வாருங்கள்" என்றேன். "ரொட்டி சானாய் உடனே வந்துடும், அண்ணே. பிள்ளைகளுக்குக் காரமில்லாமல் பருப்புக் குழம்பு தர்றேன்" என்றார் அவர்.

மாவு உருண்டையைக் காற்றில் வீசி, மெல்லிய துணிபோல் விரித்து, மடித்துக் கல்லில் போடுவதைக் கண்டதுமே குழந்தைகளின் முகம் தெளிந்துவிட்டது. நம் புரோட்டாவுக்குக் கூடப் பிறந்த சகோதரன் அது! பின்னால் ஒரு குழந்தை உயரத்துக்குக் கோபுரம் போல் நின்றுகொண்டு 'ரொட்டி டிஷ்யூ' வந்தது. குழந்தைகளுக்கு மைலோ, எனக்கு, ஒரு குவளையிலிருந்து மறு குவளைக்கு நுரை பொங்க ஆற்றிய 'தே தாரிக்'. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மலேசியாவின் காலைச் சாப்பாட்டு வழக்கத்தை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. தேங்காய்ப் பால் சோறாகிய நாசி லெமாக்கோடு இந்த ரொட்டிக்கும் தேநீருக்கும் அதில் இடமுண்டு.

வயிறு நிறைந்த பிறகு பக்கத்து வரிசையில் ஒரு மலாய் அம்மாளின் இனிப்புக் கடைக்குப் போனோம். கிண்ணத்தில் தேங்காய்ப் பால். மேலே தென்னம்பாளைப் பதநீரில் காய்ச்சிய கருத்த சர்க்கரைப் பாகு. நடுவே முத்து முத்தாக ஏதோ மின்னியது. "அப்பா! இது நம்ம ஜவ்வரிசி!" என்று கூவினாள் என் மூத்த பெண். பெயர் 'சாகு குலா மெலாகா'.

அவள் சொன்னதில் பாதி உண்மை. மறுபாதி இன்னும் சுவாரசியமானது. 'சாகு' மலாய்ச் சொல். ஆதியில் அது அந்நாட்டுப் பக்கத்து ஒருவகைப் பனையின் சோற்றிலிருந்து எடுக்கப்பட்டது. மலாயாவிலிருந்து வந்த சரக்கு இரண்டாவது மகாயுத்தத்தில் நின்றுவிடவே, 1943-ஐ ஒட்டிச் சேலத்து மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து திரும்பி அந்தத் தொழிலை அறிந்திருந்த பொபட்லால் ஷாவும் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். நாம் குச்சிக்கிழங்கு என்று சொல்லும் அதை அரைத்து, பாலை வடிகட்டித் தெளியவைத்து, மாவைக் குருணையாக்கி, வறுத்து, வெயிலில் காயவைக்கும் சேகோ ஆலைகள் இப்படித்தான் நம் பக்கத்தில் பெருகின. 1981-இல் சேலத்தில் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

"அவங்க ஊர்ச் சாமான் நம்ம ஊருக்கு வந்துச்சு. நம்ம ஊரிலிருந்து இங்கே என்ன வந்துச்சு, அப்பா?" என்றாள் பெண்.

"மனிதர்கள் வந்தார்கள், கண்ணு" என்றேன்.

திருச்சி, தஞ்சாவூர், சேலம், வடஆற்காடு ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். மழை பொய்த்து வயிறு காய்ந்தவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி ரப்பர் தோட்டங்களுக்கு வந்தார்கள். என் பாட்டனாரின் தமையனாரும் அவர்களில் ஒருவர். 1930-களின் மந்தத்தில் கூலி குறைக்கப்பட்டது. 1936-37-இல் நேரில் வந்து விசாரித்த வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார், ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய தினக்கூலியைத் திரும்பத் தரவேண்டுமென்று சிபாரிசு செய்தார். 1938-இல் இந்திய சர்க்கார், தோட்ட முதலாளிகளின் செலவில் தொழிலாளரை அனுப்புவதையே தடுத்துவிட்டது. பிறகு ஜப்பானியர் ஆட்சி வந்தது. அரிசி அற்றுப் போய், ஜனங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். பல்லாயிரம் தமிழர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டு போகப்பட்டு, பலர் திரும்பவில்லை. எங்கள் பெரியவரின் கடைசிக் கடிதம் 1941-இல் வந்தது.

இங்கே பசிக்கு உணவாயிருந்த அதே கிழங்கு, அதே வருஷங்களில், அவர் விட்டு வந்த ஜில்லாவில் ஒரு தொழிலாக முளைத்துக்கொண்டிருந்தது. இதை அவர் அறிந்திருக்க நியாயமில்லை.

பெண் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தத் தாத்தாவும் பசியோடதான் இருந்தாரா?" என்று மெல்லக் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. கடைக்குட்டி மட்டும் கிண்ணத்தைச் சுரண்டிக்கொண்டே, "இன்னும் ஒண்ணு வாங்கலாமா, பெரியப்பா?" என்றான். வாங்கினேன்.

நேயர்களே, குழந்தைகளோடு மலாய் நாட்டுக்குப் போக நேர்ந்தால் முதலில் அவர்கள் வயிற்றை நிரப்புங்கள். கதையை அப்புறம் சொல்லுங்கள். ஆனால் சொல்லாமல் மட்டும் வந்துவிடாதீர்கள். பணம் எண்ணிக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுகிறோம் நாம். அந்த மேஜைக்கு வரும் வழியைப் போட்டவர்கள் பலர் பசியோடு வந்தவர்கள்.