நகரமும் உணவும்: பிரியாணியும் வடிகஞ்சியும்

சென்ற வாரம் லக்னோ நவாபுகளின் சமையற்கட்டைப் பார்த்தோமல்லவா? அந்தச் சமையல் ராஜ்யத்தை இழந்து கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த வரலாற்றை இங்கே அச்சாகியிருக்கும் முதற்படம் சொல்கிறது. பீங்கான் தட்டில் குங்குமப்பூ நிறமேறிய சோறு, ஒரு துண்டு ஆட்டிறைச்சி. அதனருகே, தோல் நீக்கி வதக்கப்பட்டு, இறைச்சியின் சாற்றிலேயே தம்மில் வெந்து, உட்புறம்வரை மஞ்சள் பாய்ந்து, விரல் பட்டால் உடைந்துவிடும் பதத்தில் பெரியதோர் உருளைக்கிழங்கு. லக்னோவின் பிரியாணியில் காணாத இந்தக் கிழங்கு இங்கே எப்படி வந்தது?

1856-இல் கம்பெனியார் அவத் ராஜ்யத்தை அபகரித்துக்கொள்ள, கல்கத்தாவுக்கு வந்த நவாப் வாஜித் அலி ஷா, ஹூக்ளி நதிக்கரையிலுள்ள மட்டியாபுருஜில், 1887-இல் காலமாகும்வரை, சங்கீத வித்வான்களும் நாட்டியக்காரரும் சமையற்காரரும் சூழ, தாம் பிரிந்துவந்த நகரத்தின் பிரதிபிம்பம் ஒன்றையே சிருஷ்டித்துக்கொண்டு வாழ்ந்தார். இறைச்சிக்குப் பணம் போதாமல் கிழங்கு சேர்த்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் மானியம் பெற்று, அதில் மிருகசாலையும் வளர்த்த ஒருவர் உருளைக்கிழங்கைக்கொண்டா சிக்கனம் பிடித்திருப்பார்? அந்நாளில் அது புதுமையான பண்டம். அதன் ருசிக்காகவே சேர்த்தார்கள் என்பதுதான் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. எப்படியாயினும், இன்று கல்கத்தாவாசிகள் இறைச்சி சற்றுக் குறைந்தாலும் பொறுப்பார்கள். கிழங்கு இல்லாத பிரியாணியைப் பொறுக்கமாட்டார்கள்.

இரண்டாவது படத்தில் ஒரு ஜோடிக் கைகள் மட்டுமே இருக்கின்றன. திரித்த பாலிலிருந்து எடுத்த சேனாவை மரப்பலகையில் இட்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தித் தேய்த்துத் தேய்த்து, மணல்போன்ற நறநறப்பு அறவே நீங்கும்வரை பிசைகின்றன அக்கைகள். 1868-இல் பாக்பஜாரில் நபீன் சந்திர தாஸ் ரசகுல்லாவைப் பிரசித்தமாக்கிய நாளிலிருந்து, இந்தப் பிசைவில்தான் நகரத்தின் கீர்த்தி அடங்கியிருக்கிறது. பால் தட்டுப்பாட்டைக் காரணமாக்கி 1965-இல் சேனா இனிப்புகளுக்கு அரசாங்கம் தடை விதித்தபோது, வங்காளிகள் அடைந்த துயரம் சாமானியமானதன்று. ஆயினும் இனிப்பில்லாத துயரைத் துயரென்று சொல்வதற்கு இந்த நகரத்தில் நா கூசவேண்டும்.

மூன்றாவது படம் நான் எடுத்ததல்ல. அதை இங்கே அச்சிடவுமில்லை. 1943-இல் சுனில் ஜானா தமது காமிராவில் பதித்த பஞ்சக் காட்சிகள் வேண்டியவர் தேடிப் பார்க்கக் கிடைப்பவையே. பர்மா ஜப்பானியர் வசமானதால் அரிசி வரத்து நின்றது. மேதினிப்பூரைப் புயல் அழித்தது. கிராமத்துப் படகுகளையும் நெல்லையும் சர்க்கார் அப்புறப்படுத்தியது. யுத்தத் தொழிற்சாலைகள் நிறைந்த கல்கத்தாவுக்கு மாத்திரம் மலிவு விலையில் தானியம் சேர்க்கப்பட்டது. நெல்லை விளைவித்தவர்களே நகரத்தை நோக்கி நடந்துவந்து, வீடு வீடாக நின்று, சோறு கேட்கவும் துணிவின்றி, “அம்மா, வடிகஞ்சியாவது ஊற்றுங்கள்” என்று கெஞ்சி, நடைபாதைகளில் மடிந்தார்கள். வங்காளம் முழுவதிலும் மாண்டவர்கள் ஏறத்தாழ 30 லட்சம் பேர் என்பர். பஞ்சம் என்ற சொல்லையே அதிகாரிகள் தவிர்த்துவந்த அந்நாளில், ஆங்கிலேயர் பத்திரிகையான ‘ஸ்டேட்ஸ்மன்’ 1943 ஆகஸ்டு 22-இல் நகரத்துத் தெருக்களின் படங்களைத் துணிந்து பிரசுரித்தது. அதன் ஆசிரியர் இயன் ஸ்டீஃபன்ஸ் அன்று ஆற்றிய காரியத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். எண்களைக் கண்டு அசையாதவர்களை முகங்கள் அசைத்தன. அக்டோபரில் வைஸ்ராயாகப் பதவியேற்ற வேவல் பிரபு கல்கத்தாவுக்கு வந்து, நிவாரணத்தில் ராணுவத்தை ஈடுபடுத்தினார்.

உணவைப் பற்றிய தொடரில் பசியின் படத்துக்கு என்ன வேலை என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். உலையிலிட்ட சோற்றை மாத்திரம் காட்டி, அதை வடித்த கஞ்சிக்குக் கையேந்தி நின்றவளை மறைத்துவிட்டால், அது கல்கத்தாவின் படமாகுமா? இன்றும் அந்நகரத்து முதியோர் சிலர் வீட்டில் வடிகஞ்சியைக் கொட்ட மனமில்லாமல் எடுத்துவைக்கிறார்கள். அந்தப் பாத்திரத்தையும் நான் படமெடுத்திருக்கிறேன், நான்காவதாக அச்சாகியிருப்பது அதுவே.

அடுத்த வாரம், விடிவதற்குள் கடைவிரித்து எட்டு மணிக்குள் கலைந்துவிடும் டிரெட்டா பஜாரின் சீனச் சிற்றுண்டிச் சந்தைக்குச் செல்வோம்.